சால்வைக்கு மறுநாள்: எழுத்தறிவு இயக்கங்களும் அவற்றின் தன்னார்வலர்களும்

கேள்வி

டிசம்பர் 5 உலகத் தன்னார்வலர் நாள். ஐக்கிய நாடுகள் அவை 1985இல் அறிவித்தது. அன்றைக்குக் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்குச் சான்றிதழ் தருவார்கள், ரத்ததான முகாம் நடத்தியவர்களுக்குச் சால்வை போர்த்துவார்கள், நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வரும். தன் பொழுதைப் பிறருக்குக் கொடுத்த ஒருவரை ஊர் நாலுபேர் முன்னால் நிறுத்தி நன்றி சொல்வது நல்ல வழக்கம்தான். என் கேள்வி அதற்கு மறுநாளைப் பற்றியது. சால்வை வாங்கியவர் திரும்பவும் தன் மையத்துக்குப் போகும்போது அங்கே கரும்பலகையும் புத்தகமும் வெளிச்சமும் இருக்கின்றனவா? அவருக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா? அவர் திருமணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார்?

தன்னார்வம் குறித்து நம்மிடையே இரண்டு பார்வைகள் நிலவுகின்றன. அது தனிமனிதரின் நல்ல மனம் சார்ந்தது, ஆகவே நல்லவர்களை அடையாளம் காட்டினால் மற்றவர்களும் தொடர்வார்கள் என்பது ஒன்று. அரசு தன் கடமையைக் கைகழுவிவிட்டு, குறிப்பாகப் பெண்களின் உழைப்பைச் சல்லிசாக வாங்கும் வழியே தன்னார்வம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்று உண்டு. எனினும் வரும் ஆளுக்கும் வாங்கிக்கொள்ளும் அரசுக்கும் நடுவே இருக்க வேண்டிய அமைப்பை இரண்டு பார்வைகளுமே போதிய அளவு கவனிக்கவில்லை என்று கருதுகிறேன். தமிழ்நாட்டில் ஆட்கள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்களை வரவேற்று, பழக்கி, பயன்படுத்தி, உரிய காலத்தில் விடுவிக்கும் ஏற்பாடுதான் நிலைக்கவில்லை. முப்பதாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு கல்வி இயக்கங்களை வைத்து இதைப் பரிசீலிக்கலாம்.

அறிவொளி: ஆட்கள் வந்த வழி

1978ஆம் ஆண்டு காந்தி பிறந்தநாளில் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் மையங்களை நம்பியது. ஒரு மையம், ஒரு பயிற்றுநர், சிறு மதிப்பூதியம், வருகைப் பதிவேடு. மையம் பல இடங்களில் பதிவேட்டில் மட்டுமே நடந்தது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் உருவான பிறகு, கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் அமைப்பு எர்ணாகுளத்தில் வேறொரு வழியைக் காட்டியது. ஒரு மாவட்டம் முழுவதையும் ஒரே காலத்தில் எடுத்துக்கொண்டு, மாவட்ட நிர்வாகத்தையும் மக்கள் அமைப்பையும் இணைத்து, ஊதியமில்லாத் தொண்டர்களை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. எழுத்து தெரியாது என்று சொன்ன முதியவர்கள் பலருக்கு உண்மையில் கண் தெரியவில்லை என்பது வகுப்பு தொடங்கிய பின்னரே புலப்பட்டது. கண் பரிசோதனை முகாம்களும் மூக்குக்கண்ணாடிகளும் இயக்கத்தின் பகுதியாயின. தொண்டர் கண்டு சொன்னதைக் கேட்டு உடனே செயல்பட மேலே ஓர் அமைப்பு இருந்ததால் நடந்த காரியம் இது.

அந்த வழி புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் 'அறிவொளி இயக்கம்' என்ற பெயரில் வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதன் முதுகெலும்பு. 1990இல் நாடெங்கும் புறப்பட்ட கலைப்பயணம் முச்சந்திகளில் நாடகம் போட்டது, பாட்டுப் பாடியது. கற்க வேண்டியவர்களின் கூச்சத்தைத் தெளியவைப்பதும் கற்பிக்கக்கூடியவர்களைத் திரட்டுவதும் அதன் நோக்கங்கள். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள், வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள், பள்ளி ஆசிரியர்கள், எழுத்தாளர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். 1991 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஆண்களில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 74 சதவீதம், பெண்களில் 51 சதவீதம். ஆகவே வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் வேலை செய்துவிட்டு, உலை வைத்து இறக்கிய பிறகு திண்ணையிலும் தெருவிளக்கின் அடியிலும் வந்து உட்கார்ந்தவர்கள்.

உணர்ச்சிவேகத்தில் நடந்த எழுச்சியாகவே அறிவொளியை நினைவுகூர்வது வழக்கமாகிவிட்டது. அதன் வினைத்திட்டம் அதே அளவுக்கு முக்கியமானது. ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர் என்பது பொதுவான கணக்கு. மொத்தம் 200 மணி நேரம். மூன்று படிநிலைப் பாடநூல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கற்றவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் தேர்வுகள். தொண்டர்களுக்குப் பயிற்சி தர ஓர் அடுக்கு, அந்தப் பயிற்சியாளர்களைப் பழக்க இன்னோர் அடுக்கு. முடிவுத் தேதியும் முன்பே தெரியும். புதிதாய் வரும் ஒருவருக்கு 'உன்னிடம் கேட்கப்படுவது இவ்வளவுதான்' என்று சொல்ல முடிந்தது. இத்தனை பேர் துணிந்து வந்ததற்கு இந்தத் தெளிவு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

புதுக்கோட்டையின் சைக்கிள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய இயக்கம் இந்த அமைப்பின் உச்சம். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சேர்ந்து எழுதிய 1996ஆம் ஆண்டு நூலும், அதே ஆண்டு வெளிவந்த பி. சாய்நாத்தின் ஊர்ப்புற வறுமை குறித்த நூலும் இதை விரிவாகப் பதிவுசெய்துள்ளன.

அங்கே பெண் தொண்டர்கள் சந்தித்த முதல் தடை எழுத்து சம்பந்தப்பட்டதே அன்று. ஊருக்கு ஊர் போக வேண்டும், மாலையில் போக வேண்டும். பேருந்து அந்நேரத்தில் வராது. அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. இயக்கம் இதற்குக் கண்ட விடை சைக்கிள். பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்குவது எழுத்தறிவுப் பணியின் அங்கமாகவே ஆக்கப்பட்டது. கடன் வசதி செய்யப்பட்டது. பயிற்சி முகாம்கள் நடந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஊர்ப்புறப் பெண்கள் சைக்கிளுக்கு வந்ததாகச் சாய்நாத் எழுதுகிறார். 1992 மகளிர் நாளில் 1,500 பெண்கள் சைக்கிளில் கொடிகட்டிப் புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காத நிலையில் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. தண்ணீர் எடுக்க, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளையைப் பள்ளியில் விட என்று சைக்கிள் அதன்பின் தன் வழியில் போயிற்று.

இந்தச் செய்தியைப் பெண் விடுதலையின் அடையாளமாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அது சரியே. தன்னார்வலரை மதிப்பது பற்றிய பாடமாகவும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் துணிபு. வேலை செய்ய வந்த பெண்ணிடம் 'உனக்கு எது இடைஞ்சல்?' என்று கேட்டார்கள். அவள் சொன்ன பதிலுக்கு ஏற்பப் பணமும் திட்டமும் நகர்ந்தன. அவளுக்கு அமைந்த வசதி வகுப்பு முடிந்த பின்னும் அவளிடமே இருந்தது. அதே மாவட்டத்தில் கல்குவாரிகள் சில பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. கணக்குப் பார்க்கத் தெரிந்த கூலிக்காரப் பெண்கள் ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பை எதிர்கொண்டு நின்றார்கள். எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்குக் கண்முன்னே விடை கிடைத்ததால் கற்பிப்பவருக்கும் தெம்பு வந்தது.

அறிவிப்புக்குப் பின்

முழு எழுத்தறிவு மாவட்டம் என்ற அறிவிப்பு வந்த கையோடு விழா நடக்கும். அதன்பின் தொடர்கல்விக் கட்டம். புதிதாகக் கற்றவர்களுக்கு வாசிக்க நூல்கள், வாசிப்பு மையங்கள், சிறுதொழில் பயிற்சிகள். இயக்கம் தடுமாறியது இங்கேதான். அருண் கோஷ் தலைமையிலான வல்லுநர் குழு 1994இல் நாடு தழுவிய எழுத்தறிவு இயக்கங்களை மதிப்பிட்டபோது, முதற்கட்டம் முடிவதற்கும் தொடர்கல்வி தொடங்குவதற்கும் இடையிலான தொய்வைக் கவலையோடு சுட்டியது. எழுதப் படிக்கக் கற்ற ஒருவர் அதைப் பயன்படுத்தாதிருந்தால் மறந்துவிடுவார். அது நாம் அனைவரும் அறிந்ததே. மறக்கப்பட்டவர்களில் தொண்டர்களும் உண்டு என்பதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் மாலைப்பொழுதைக் கொடுத்துப் பழகிய ஆயிரக்கணக்கானவர்கள், முதியோருக்குக் கற்பிக்கும் அரிய திறமை கைவந்தவர்கள், அடுத்து என்ன என்று தெரியாமல் கலைந்தார்கள். சிலர் அறிவியல் இயக்கத்திலும் மாதர் அமைப்புகளிலும் சுயஉதவிக் குழுக்களிலும் நிலைத்தார்கள். பலரைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. அறிவொளியில் பணியாற்றிய எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' போன்ற நூல்கள் இல்லாவிட்டால், உள்ளிருந்து பேசும் குரலே நமக்குக் கிடைத்திருக்காது.

இல்லம் தேடி வந்தவர்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மூடிக்கிடந்தன. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, அவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே, மாலை 5 மணி முதல் 7 மணிக்குள் ஒன்றரை மணி நேர வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் தொடக்க வகுப்புகளுக்கும் பட்டம் பெற்றவர் நடுநிலை வகுப்புகளுக்கும் கற்பிக்கலாம். ஏறத்தாழ 2 லட்சம் பேர் தன்னார்வலர்களானார்கள். பெரும்பாலோர் பெண்கள். அறிவொளி பாணியில் கலைக்குழுக்கள் மறுபடியும் தெருவுக்கு வந்தன.

அறிவொளிக் காலத்தில் கிடைக்காத ஒன்று இம்முறை கிடைத்திருக்கிறது. அது முறையான அளவீடு. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்து சுமார் ஆறு மாதங்களில் கற்றல் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். பின்தங்கிய குடும்பங்களின் பிள்ளைகளே கூடுதலாகப் பயன்பெற்றார்கள். முறையான ஆசிரியப் பயிற்சி பெறாத, சில நாள் வழிகாட்டுதலோடு வந்த பெண்கள் தம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துச் செய்த வேலையின் பயன் இது. தமிழ்நாட்டில் தன்னார்வப் பணியின் விளைவை இவ்வளவு கறாராக அளந்த ஆய்வு வேறொன்றை நான் பார்த்ததில்லை. எந்த விருதை விடவும் இந்த எண் அவர்களுக்குப் பெருமை.

பெருந்தொற்றின் இழப்பை ஈடுசெய்யவே திட்டம் வந்தது என்பதால் பின்னர் மையங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. அதில் நியாயம் உண்டு. ஆனால் வகுப்பு நிறுத்தப்பட்டாலும் வகுப்பெடுக்கப் பழகியவர் ஊரிலேயே இருக்கிறார். அவரைப் பள்ளியோடும் நூலகத்தோடும் பிணைத்துவைக்கும் ஏற்பாடு எதுவும் பரவலாக உருவாகவில்லை. தொண்ணூறுகளின் தவறு சற்று மாறிய வடிவில் திரும்பியிருக்கிறது.

ஊக்கத்தொகை என்னும் இடைநிலை

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. மாதத்துக்கு 20 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 33 ரூபாய். அதே 2021-22இல் தமிழ்நாட்டின் நூறுநாள் வேலைக்கான நாட்கூலி 273 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 34. பட்டதாரிப் பெண்ணின் கற்பித்தலுக்கும் வரப்பு வெட்டும் வேலைக்கும் ஒரே விலை. வரப்பு வெட்டுவதைத் தாழ்த்திச் சொல்லவில்லை. இரண்டையுமே குறைத்து மதிப்பிட்டிருக்கிறோம் என்பதே என் கருத்து.

அப்படியானால் பணமே கூடாதா, முழுச் சம்பளமே வேண்டுமா? ரத்ததானத்தைப் பார்த்தால் முதல் விடை சரியாகத் தோன்றும். ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் எழுதிய நூல், ரத்தம் விலைபேசப்படும் இடத்தைவிடக் கொடையாகத் தரப்படும் இடத்தில்தான் தரமும் பாதுகாப்பும் அதிகம் என்று வாதிட்டது. இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பையடுத்து, 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி விட்டு, ஒரு முறைக்கு ஒருமணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கொடை அது. யாருடைய பிழைப்பையும் அது பறிப்பதில்லை.

ஆஷா பணியாளர்களைப் பார்த்தால் இரண்டாவது விடை சரி. 2005இல் தொடங்கிய அத்திட்டத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடுதேடிப் போய்க் கவனிக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் அவர்களுக்கு விருதளித்தது. அந்த விருது வந்த நாளிலும் அவர்கள் தொழிலாளர் அல்லர், ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர் என்பதே அரசின் நிலை. அதற்கு முந்தைய மாதம்தான் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கைதட்டலையும் உரிமையையும் அருகருகே வைத்துப் பார்க்க அந்த இரண்டு மாதங்கள் போதும்.

பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது? வேலையின் புனிதத்தில் தேடினால் கிடைக்காது. நேரத்திலும் கட்டாயத்திலும் தேட வேண்டும். நாள்தோறும் வந்தாக வேண்டும், மேலதிகாரிக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும், வராவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டும், முடிவுத் தேதி கிடையாது என்றால் அது வேலை. அதற்குச் சம்பளமும் விடுப்பும் பாதுகாப்பும் தர வேண்டும். குறித்த காலத்துக்கு, குறித்த அளவுக்கு, மறுக்கும் உரிமையோடு கேட்கப்படுவது தன்னார்வம். அதற்கு வழிச்செலவும் பயிற்சியும் பொருள்களும் தந்தால் போதும். அறிவொளி இந்தக் கோட்டின் இப்புறம் நின்றது. ஆஷா திட்டம் அப்புறம் கடந்து வெகுகாலம் ஆகிறது. இல்லம் தேடிக் கல்வி கோட்டின் மேலேயே நின்றது.

ஊர்ப்பொதுவேலை என்னும் மரபு

தன்னார்வம் பற்றிப் பேசும் மேடைகளில் குடிமராமத்து தவறாமல் நினைவுகூரப்படுகிறது. ஊர்கூடி ஏரி வெட்டிய மரபு நம்முடையது என்பார்கள். எச்சரிக்கையோடு அணுக வேண்டிய பெருமிதம் இது. பாசன வேலைக்கு வழக்கப்படி ஆள் வராதவர்களிடம் தண்டம் வசூலிக்க வழிசெய்யும் சட்டத்தைச் சென்னை மாகாணத்தில் 1858இலேயே ஆங்கிலேய அரசு இயற்றியது. எல்லோரும் விரும்பி வந்திருந்தால் அப்படியொரு சட்டம் எதற்கு? தென்மாவட்டக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், தன்னிறைவான ஊர்க்கூட்டு மரபு என்ற சித்திரமே பெரிதும் காலனிய நிர்வாகத்தின் கட்டுமானம் என்று 2003இல் வெளியான நூலில் வாதிட்டார். மடை திறக்கவும் கரை காக்கவும் இரவில் நின்றவர்கள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியார். அவர்களுக்கு அது விருப்பமாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இன்றும் 'ஊர் வேலை' என்று ஒன்றை அழைக்கும்போது யார் மண் சுமக்கிறார், யார் மேற்பார்வை பார்க்கிறார் என்று கவனிப்பது அவசியம். அறிவொளியின் பெருமைகளில் ஒன்று, சாதித்தெருக்களைக் கடந்து தொண்டர்களை உட்காரவைக்க முயன்றது. எல்லா ஊரிலும் அது வெல்லவில்லை.

இன்றைக்கு எங்கே சேர்வது

வாசகர் ஒருவர் தம் ஊரில் ஏதேனும் செய்ய எண்ணினால், புதிதாக ஓர் அமைப்பு தொடங்குவதை விட ஏற்கெனவே இருப்பதில் காலியாகக் கிடக்கும் இடத்தைத் தேடலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் கூட்டத்துக்குப் போவதே முதல் தொண்டு. கிளை நூலகங்களின் வாசகர் வட்டங்கள் பல ஊர்களில் பெயரளவில் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை ஒருமணி நேரம் சிறுவர்களுக்குக் கதை வாசிக்க ஆள் கிடைத்தால் நூலகர் மறுக்கமாட்டார். 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட 5 கோடிப் பேரை இலக்காகக் கொண்டது. அதன் கற்பித்தல் முழுவதும் தன்னார்வலரை நம்பியே நடக்கிறது.

அதிகம் பேசப்படாத ஒரு பணியைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பார்வையற்ற மாணவர்களுக்காகத் தேர்வெழுதுவது. கல்லூரித் தேர்வுக்கும் போட்டித் தேர்வுக்கும் எழுத்தரைத் தாமே தேடிக்கொள்ள வேண்டிய நிலை அவர்களில் பலருக்கு. ஒன்றிய அரசின் 2018 வழிகாட்டுதல், தாமே அழைத்துவரும் எழுத்தரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒருபடி குறைவாக இருக்க வேண்டும் என்றது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். வாரநாளில் நான்கு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர், அதுவும் படிப்புத் தகுதி பொருந்தியவர் கிடைப்பது கடினம். ஒப்புக்கொண்டவர் அன்று காலையில் வரவில்லை என்றால் அந்த மாணவரின் ஓர் ஆண்டே போகலாம். சொன்னதை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது, புரியாத சொல்லைத் தயங்காமல் திரும்பக் கேட்க வேண்டும், முந்தின நாளே சந்தித்து ஒருவர் வேகத்துக்கு மற்றவர் பழகிக்கொள்ள வேண்டும். நல்ல மனம் உள்ளவர்கள் ஏராளம். இந்த வேலைக்கு வேண்டியது காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கும் ஆள்.

எந்தப் பணியில் சேர்ந்தாலும் முதல் சந்திப்பிலேயே சிலவற்றைக் கேட்பது நலம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த மாதம் வரை, நான் வரமுடியாத நாளில் யார், எனக்குத் தெரியாததை யாரிடம் கேட்பது. கேட்பவர் மேல் அமைப்புக்குக் கோபம் வந்தால் அந்த அமைப்பு தன்னார்வலருக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை.

பதிவு

1991இல் இருபது வயதில் அரிக்கேன் விளக்கோடு வகுப்பெடுத்தவர்கள் இப்போது ஐம்பதைக் கடந்திருக்கிறார்கள். அவர்களிடம் கற்ற மூதாட்டிகளில் பலர் இன்று இல்லை. பாடநூல்கள், பயிற்சிக் குறிப்பேடுகள், கலைப்பயணப் பாட்டுப் புத்தகங்கள் பரணில் கிடக்கின்றன. மாவட்ட மைய நூலகங்கள் இவற்றைக் கேட்டு வாங்கலாம். கல்லூரித் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை அனுப்பி அவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்யலாம். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களிடமும் நினைவு மங்குமுன் கேட்டுவிடலாம். மண்ணெண்ணெய்க்குக் காசு யார் கொடுத்தது, வகுப்புக்குப் போன நேரத்தில் வீட்டில் அடுப்பை யார் பார்த்தது, எந்தத் தெருவுக்குள் விடவில்லை, நிறுத்தச் சொன்ன அன்று யாராவது காரணம் சொன்னார்களா என்பன கேட்க வேண்டியவை. விழாச் சொற்பொழிவில் இடம்பெறாத இந்தத் தகவல்களே அடுத்த இயக்கத்தைத் திட்டமிடுபவருக்கு வேண்டியவை.